முதிர்ச்சியும் மரணமும்: ரத்தப் புற்றுச் செல்லின் உட்சட்டகம்



ரத்தப் புற்றுநோய் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும், “வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது” என்ற பதில்தான் வரும். அது பாதி உண்மைதான். நம் ஒவ்வொருவரின் எலும்பு மஜ்ஜையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. அத்தனை பெருக்கம் நடந்தும் நமக்கு நோய் வருவதில்லை. பிறந்த செல் வளர்கிறது, தன் வேலையைச் செய்கிறது, மிகக் குறுகிய காலத்தில் செத்தும் போகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. தீவிர லுகேமியா என்னும் ரத்தப் புற்றில் அறுந்துபோவது இந்தத் தொடர்ச்சிதான். செல் இளம்பருவத்திலேயே நின்றுவிடுகிறது. வளராததால் கிருமியை எதிர்க்க உதவாது. வளராததாலேயே உரிய நேரத்தில் சாவதும் இல்லை. மஜ்ஜையில் இடத்தை அடைத்துக்கொண்டு மேலும் மேலும் பிரிகிறது.

அப்படி நின்றுபோன செல் மருந்தின் தூண்டுதலால் மறுபடி வளரத் தொடங்கும்போதும், வளர்ந்து சாகும்போதும், அதன் உள்ளே இருக்கும் சட்டகத்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். லுகேமியாவின் மரபணுக்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். செல்லின் உடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் நோயாளியின் நுரையீரலிலும் மூளையிலும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் போய் மாட்டிக்கொள்வதும், மாட்டாமல் நழுவிப்போவதும் அந்த உடல்தானே!

செல் சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. மிக மெல்லியது ஆக்டின் இழை, ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமன். 1942-இல் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புரூனோ ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தசையில் மட்டுமின்றி எல்லாச் செல்களிலும் அது இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. மிகத் தடித்தது நுண்குழல், 25 நானோமீட்டர். இரண்டுக்கும் நடுவே 10 நானோமீட்டர் தடிமனுள்ள இடைநிலை இழைகள். வெள்ளணுக்களில் இந்த வகையில் முக்கியமானது விமென்டின். செல்லின் கருவுக்குள், அதன் உறையை ஒட்டி, லேமின் என்ற உறவுக்காரப் புரதம் ஒரு வலைபோல் படர்ந்திருக்கிறது.

சட்டகம் என்றதும் வீட்டின் தூண்களைப்போல ஒருமுறை நட்டால் நட்டதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போடும் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கால்களை நடுவார்கள், கட்டுவார்கள், காரியம் முடிந்ததும் பிரித்து அதே கழிகளைக் கொண்டுபோய் வேறு தெருவில் வேறு அளவில் போடுவார்கள். ஆக்டினும் நுண்குழலும் நொடிக்கு நொடி அப்படித்தான் கட்டப்பட்டும் பிரிக்கப்பட்டும் வருகின்றன. ஆகவே “சட்டகம் மாறுகிறது” என்று நான் சொல்லும்போது, புதிய பொருள் வந்தது என்று மட்டும் பொருளில்லை. இருந்த பொருளே இடம் மாறியது, திசை மாறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதையெல்லாம் எந்தச் செல்லில் பார்த்தார்கள்? பெரும்பாலும் எச்.எல்.-60 என்ற செல் வரிசையில். 36 வயதுப் பெண் ஒருவரின் லுகேமியாச் செல்களிலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் காலின்ஸ், ராபர்ட் காலோ குழுவினர் வளர்த்தெடுத்து 1977-இல் வெளியிட்டது அது. வட்டமாக, எதிலும் ஒட்டாமல், ஊடகத்தில் மிதந்தபடி வளரும். மறு ஆண்டே காலின்ஸ் ஒன்றைக் கண்டார். டைமெத்தில் சல்பாக்சைடு என்ற எளிய கரைப்பானைச் சிறிதளவு கலந்தால், சில நாட்களில் இந்தச் செல்கள் நியூட்ரோபில்போல முதிர்ந்துவிடுகின்றன. 1980-இல் பிரைட்மன் குழுவினர் வைட்டமின் ஏ-யின் வழிவந்த ரெட்டினாயிக் அமிலமும் அதையே செய்கிறது என்று காட்டினர். அதற்கு முன்பே, 1971-இல், எலியின் லுகேமியாச் செல்களை இதே கரைப்பானால் சிவப்பணுத் திசையில் முதிரச் செய்திருந்தார் ஷார்லட் ஃபிரெண்ட் என்ற அம்மையார். புற்றுச் செல்லைக் கொல்லத்தான் வேண்டும் என்பதில்லை, அதை வளரவும் வைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் வேர்விட்டது. அந்த அம்மையாருக்கு நம் மாணவர்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

இனி முதிர்ச்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மருந்து சேர்க்காத எச்.எல்.-60 செல்லில் கரு பெரியது, முட்டை வடிவம், செல்லின் பெரும்பகுதியை அதுவே அடைத்திருக்கும். ஆக்டினைக் காண வேண்டுமென்றால் ஃபல்லாய்டின் என்ற நஞ்சில் ஒளிரும் சாயத்தைக் கோத்து ஊற்றுவார்கள். கொடிய நச்சுக் காளான் ஒன்றிலிருந்து வருவது அந்த நஞ்சு. இழையாகக் கோக்கப்பட்ட ஆக்டினை மட்டுமே அது பற்றும். இளஞ்செல்லில் விளிம்பைச் சுற்றி ஏறத்தாழ ஒரே சீராக ஒரு வளையம் தெரியும். முன் எது, பின் எது என்று சொல்ல முடியாது. முதிர்ந்த செல்லுக்குப் பாக்டீரியா வெளிவிடும் வகையைச் சேர்ந்த ஒரு சிறு பெப்டைடைக் காட்டினால் அதே ஆக்டின் ஒரு பக்கமாகத் திரள்கிறது. அங்கே விசிறிபோல ஒரு முன்கால் நீள்கிறது. எதிர்ப்புறத்தில் மயோசின் என்ற இழுவைப் புரதம் சேர்ந்து பின்பகுதியைச் சுருக்கி இழுக்கிறது. செல்லுக்குத் திசை பிறந்துவிட்டது. வெள்ளணு எப்படி நகர்கிறது என்று ஆராயும் ஆய்வகங்கள் பல இன்றும் முதிரவைத்த இந்த லுகேமியாச் செல்லையே பயன்படுத்துகின்றன.

கருவின் மாற்றம் இதைவிட வியப்பானது. முதிர்ந்த நியூட்ரோபிலின் கரு மூன்று, நான்கு மடல்களாகப் பிரிந்து, மெல்லிய இழைகளால் கோத்தபடி இருக்கும். ரத்தப் பூச்சுப் படத்தை நுண்ணோக்கியில் பார்த்த எந்த ஆய்வகத் தொழில்நுட்பருக்கும் இது தெரியும். ஆனால் அந்த மடல்களைச் செதுக்குவது யார்? ஏடா ஓலின்ஸ், டொனால்ட் ஓலின்ஸ் தம்பதியர் 2004-இல் இதற்கு விடை தேடினார்கள். ரெட்டினாயிக் அமிலத்தோடு நோக்கடசோல் சேர்த்து நுண்குழல்களைக் கலைத்தார்கள். கரு மடல் விடவில்லை. டாக்சால் கொடுத்து நுண்குழல்களை இறுக்கி நிறுத்தினார்கள். ரெட்டினாயிக் அமிலமே இல்லாமலும் மடல்கள் தோன்றின. ஆக்டினைக் கலைக்கும் சைட்டோகலாசினோ மடல் விடுவதைத் தடுக்கவில்லை. ஆகக் கருவைப் பிடித்து இழுத்து வளைப்பதில் நுண்குழல்களுக்கே முதலிடம். அந்த இழுப்புக்குக் கரு இணங்க வேண்டுமே! இந்தச் செல்களின் கரு உறையில் ஏ, சி வகை லேமின்கள் மிகக் குறைவு. முதிரும்போது லேமின் பி ஏற்பி என்ற புரதம் கூடுகிறது. அந்த ஏற்பியின் மரபணுவில் பிழையோடு பிறந்தவர்களின் நியூட்ரோபில்களில் கரு இரண்டு மடலோடு நின்றுவிடும். பெல்கர்-ஹுவெட் என்ற பெயரில் மருத்துவ மாணவர்கள் படிக்கும் நிலை இதுதான்.

இத்தனை பாடுபட்டு மடல் விடுவதால் என்ன பயன்? நழுவிச் செல்லலாம். 1970-இலேயே ரோசெஸ்டரைச் சேர்ந்த மார்ஷல் லிக்ட்மன், மஜ்ஜைச் செல்களை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பார்த்தார். இளஞ்செல்கள் விறைப்பாக இருந்தன. முதிர முதிர அவை வளைந்து கொடுத்தன. மஜ்ஜையின் சுவரைத் தாண்டி முதிர்ந்தவை மட்டும் ரத்தத்துக்கு வருவதற்கு இந்த நெகிழ்ச்சி ஒரு காரணமாகலாம் என்று அவர் எழுதினார். 2006-இல் கலிபோர்னியாவில் ரோசன்புளூத், வில்பர் லாம், டேனியல் பிளெட்சர் ஆகியோர் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் செல்களை ஒவ்வொன்றாக அழுத்தி அளந்தனர். எச்.எல்.-60 செல்லின் விறைப்பு சராசரி 855 பாஸ்கல். முதிர்ந்த நியூட்ரோபிலுக்கு 156. நிணநீர் வகை லுகேமியாவான ஜுர்காட் செல்லுக்கு வெறும் 48. செல்லுக்குச் செல் வேறுபாடு மிகுதி என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் போக்கு தெளிவானது. 2012-இல் யோகன் குக் குழுவினர் ஆய்வகத்திலேயே முதிரவைத்த எச்.எல்.-60 செல்கள் நெகிழ்ந்துவிடுவதைக் காட்டினர். மறு ஆண்டு ஏமி ரோவட் குழுவினர் அதே செல்லில் லேமின் ஏ-யை வலிந்து கூட்டியபோது, நுண்ணிய இடுக்குகளைக் கடக்கும் வேகம் குறைந்தது. ஏறத்தாழ 12 மைக்ரான் குறுக்களவுள்ள செல், அதைவிடச் சிறிய தந்துகிக்குள் புகுந்து வெளிவர வேண்டும். சட்டகம் இளகினால்தான் வழி.

மரணத்துக்கு வருவோம். முதிர்ந்த செல் எப்படிச் சாகிறது? 1990-இல் அயர்லாந்தில் தாமஸ் காட்டர் குழுவினர், நியூட்ரோபில் திசையில் முதிர்ந்த எச்.எல்.-60 செல்கள் பின்னர் அப்போப்டோசிஸ் முறையில் தாமாகவே மடிவதைப் பதிவு செய்தனர். கெர், வில்லி, கரி மூவரும் 1972-இல் பெயரிட்ட, செல்லே தன்னை ஒழுங்காக முடித்துக்கொள்ளும் சாவு அது. முதிர்ச்சிக்கும் சாவுக்கும் இடையே அறுந்துபோயிருந்த தொடர்ச்சி மறுபடி பொருந்திவிட்டது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான்.

இந்தச் சாவிலும் சட்டகத்துக்கு வேலை இருக்கிறது. காஸ்பேஸ் எனப்படும் வெட்டு நொதிகள் விழித்தெழுந்ததும் ராக்-1 என்ற நொதியின் கட்டுப்படுத்தும் வாலை நறுக்குகின்றன. கடிவாளம் இழந்த ராக்-1 மயோசினை இடைவிடாது முடுக்குகிறது. ஆக்டின் வலை இறுகிச் சுருங்க, சவ்வு அங்கங்கே கொப்புளம்போல வெளியே பிதுங்குகிறது. ஜெல்சோலின் என்ற புரதத்தையும் காஸ்பேஸ்-3 இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு ஆக்டின் இழைகளைத் துணிக்கத் தொடங்குகிறது. ஜெல்சோலின் இல்லாத எலிகளின் நியூட்ரோபில்களில் கொப்புளம் தோன்றுவதும் டி.என்.ஏ. துண்டாவதும் தாமதமாயின என்று 1997-இல் காட்டப்பட்டது. ஃபோட்ரின், விமென்டின், லேமின் ஆகிய சட்டகப் புரதங்களும் அடுத்தடுத்து வெட்டப்படுகின்றன. கடைசியில் செல் சவ்வு சூழ்ந்த சிறு சிறு பொட்டலங்களாகிறது. அவற்றை மேக்ரோபேஜ்கள் விழுங்கிவிடுகின்றன. உள்ளிருந்த கூர்மையான நொதிகள் வெளியே சிந்துவதில்லை.

காட்டர் குழுவினரே 1992-இல் ஆக்டினைக் கலைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். செல்கள் செத்தன, டி.என்.ஏ. துண்டானது. ஆனால் பொட்டலங்கள் உருவாகவில்லை. சாவைத் தீர்மானிப்பது வேறு. அந்தச் சாவு அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் முடிவதற்கு கலையாத ஆக்டின் வேண்டும்.

இங்கேதான் கீமோதெரபியைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. 2007-இல் லாம், பிளெட்சர் குழுவினர் லுகேமியாச் செல்களுக்கு டெக்சாமெத்தசோன், டானோரூபிசின் போன்ற மருந்துகளைக் கொடுத்து, அவை சாகச் சாக விறைப்பை அளந்தனர். சாகும் செல் இளகிப்போகும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். நேர்மாறாக அது கெட்டிப்பட்டது, சில செல்களில் ஏறத்தாழ நூறு மடங்கு வரை. ஆக்டின் இழை கோப்பதைத் தடுத்தபோது இந்த விறைப்பு மட்டுப்பட்டது. ஆக, கெட்டிப்பட்டதற்கு ஆக்டினின் மறுசீரமைப்பு காரணமாகலாம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிதமிஞ்சித் திரண்டுள்ள ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் நுரையீரலிலும் மூளையிலும் ரத்த ஓட்டம் அடைபடும் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். விறைப்பைக் கொண்டு நோயாளியின் ஆபத்தை அளக்க முடியுமா என்று ஆராய வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

சட்டகத்தையே குறிவைக்கும் மருந்தும் நம்மிடம் உண்டு. தெற்குத் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் பயிராகி ஏற்றுமதியாகும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. நுண்குழல்கள் கோக்கப்படுவதை அது தடுக்கிறது, செல் பிரிய முடியாமல் மடிகிறது. குழந்தைகளின் நிணநீர் லுகேமியாவுக்கு இன்றும் அது முதுகெலும்பான மருந்து. நரம்புகளில் உள்ள நுண்குழல்களையும் அது விட்டுவைப்பதில்லை என்பதால்தான் குழந்தைகளுக்குக் கால் மரத்துப்போகிறது, மலச்சிக்கல் வருகிறது.

முதிரவைக்கும் சிகிச்சை மனிதரிடம் வென்ற கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற நோயை 1957-இல் நார்வேயின் லீஃப் ஹில்லெஸ்டாட் தனியாக இனங்கண்டார். ரத்தம் உறையாமல் கசிந்து, சில வாரங்களிலேயே உயிரைக் குடிக்கும் நோய். 15, 17 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருகிறது என்று 1977-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றம் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியையே கெடுக்கிறது என்பது 1990 வாக்கில் தெரிந்தது. அது தெரிவதற்கு முன்பே, 1985-இல், ஷாங்காயில் வாங் சென்யி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெட்டினாயிக் அமிலத்தை வாய்வழியாகக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988-இல் அவருடைய குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. 24 பேருக்கும் நோய் தணிந்தது, ஒருவருக்கு மட்டும் கூடுதலாகக் கீமோ மருந்து தேவைப்பட்டது.

அந்தச் சிகிச்சையின் நடுவில் எடுத்த ரத்தப் பூச்சை லீஷ்மன் சாயமிட்டுப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். இந்த வகை லுகேமியாவின் அடையாளமான ஆவர் தண்டுகள், ஊசிபோன்ற செந்நிறக் குச்சிகள், இளஞ்செல்லில்தான் இருக்க வேண்டும். இங்கே அவை மடல் பிரிந்த கருவுள்ள முதிர்ந்த நியூட்ரோபிலுக்குள் கிடக்கின்றன. புற்றுச் செல்லே நல்ல செல்லாக வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் முதிர்ந்து, ஒட்டும் திறனும் நகரும் திறனும் பெற்றால், அவை நுரையீரலுக்குள் புகுகின்றன. காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் வீக்கம் என்று ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் சில வாரங்களில் வரும் இந்த நிலைக்கு முதிர்வு நோய்க்குறித்தொகுதி என்று பெயர். நாம் இதுவரை பாராட்டிய அதே முன்கால், அதே நெகிழ்ச்சி, இங்கே எதிரியாகிறது. டெக்சாமெத்தசோனை உடனே கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த நோய்க்கு இன்னொரு மருந்து ஆர்செனிக். 1970-களில் சீனாவின் ஹார்பினில் சாங் டிங்டோங் தொடங்கிவைத்தது. நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த அதே பொருள். ஆய்வகத்தில் குறைந்த அளவில் செல்லை ஓரளவு முதிரவைக்கிறது, கூடுதல் அளவில் அப்போப்டோசிஸுக்குத் தள்ளுகிறது. நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்ததை 2006-இல் வெளியிட்டனர். விலையுயர்ந்த சிகிச்சையை வாங்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு என்று உலகுக்குக் காட்டிய பணி அது. 2013-இல் இத்தாலியின் லோ-கோகோ குழு, ரெட்டினாயிக் அமிலமும் ஆர்செனிக்கும் சேர்ந்த சிகிச்சையில் இரண்டாண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமலும் வேறு தோல்வி இல்லாமலும் உயிரோடு இருந்ததைக் காட்டியது. ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோ சேர்த்த பிரிவில் அது 86 சதவீதம். இது அதிக ஆபத்து இல்லாத நோயாளிகளிடம் செய்த ஆய்வு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைக்கு இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் மருந்து தோற்பதால் இல்லை. மருந்து தொடங்குவதற்குள், அல்லது தொடங்கிய முதல் சில நாட்களில், மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிவதால்தான். ஆகவே இங்கிருக்கும் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன திட்டுகள் தோன்றினால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காமல் வந்தால், மாதவிடாய் திடீரென்று மிகுதியானால், அன்றே போய் ரத்த அணு எண்ணிக்கையும் பூச்சுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். இளம் மருத்துவர்களுக்கு: பூச்சில் ஆவர் தண்டுகள் கற்றையாகக் கிடக்கும் புரோமைலோசைட்டுகளைக் கண்டு இந்த நோயோ என்று சந்தேகம் வந்தால், மரபணுச் சோதனையின் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரெட்டினாயிக் அமில மருந்தான ட்ரெட்டினாயின் கேப்ஸ்யூலை அன்றைக்கே தொடங்குங்கள். சோதனையில் வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.